கண்ணாடி முன் பழகும் ஆங்கில ஒலிகள்

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் மருந்துக் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களோடு நாள் முழுக்கப் பேச வேண்டும். சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் பலர் இவர்கள்தான். வார்த்தைகள் நிறையத் தெரியும். நாக்கை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு முகக்கண்ணாடியும் துண்டுக் காகிதமும் போதும், தொடங்கலாம்.

முதலில் வி. 'வேலூர்' என்று சொல்லி உதட்டைக் கவனியுங்கள். மேல்பல் கீழுதட்டை நெருங்கும். பல்லும் இதழும் சேர வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆங்கில வி-க்கு அந்தப் பல்லை உதட்டில் நன்றாகப் பதித்து, குரலோடு காற்றை விடுங்கள், உதடு அதிரும். குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டால் எஃப். பல் பதியாவிட்டால் ஃபேன், தலையில் ஊரும் பேனாகிவிடும்.

டபிள்யூ-வில் பல்லுக்கு வேலையே இல்லை. 'ஊ' என்று உதட்டைக் குவித்து, உடனே விரியுங்கள். மேற்குத் திசைக்கான வெஸ்டும் பனியனுக்கான வெஸ்டும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். கண்ணாடியில் இரண்டும் வேறு வேறாகத் தெரிய வேண்டும்.

அடுத்து காகிதம். வாய்க்கு முன்னால் பிடித்து 'பழம்' சொல்லுங்கள், அசையாது. 'பென்' சொல்லும்போது முதல் ஒலியோடு வெளிவரும் காற்றில் காகிதம் படபடக்க வேண்டும். 'ஸ்பூன்' என்றால் அசையத் தேவையில்லை, ஏனென்றால் எஸ்-க்குப் பின் அந்தக் காற்று வராது.

ஆங்கில டீ எழுத்துக்கு நாக்கை மடிக்கக் கூடாது. நம் 'ட' மடித்த நாக்கில் பிறப்பது. 'கன்னம்' என்று சொல்லி, நாக்கு நுனி தொடும் மேட்டை அடையாளம் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே சொல்லுங்கள்.

'தேங்க்ஸ்' கொஞ்சம் பொறுமை கேட்கும். நம் 'த' பல்லின் பின்புறம் காற்றை அடைத்துவிடும். இங்கே நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் லேசாக நீட்டி, காற்றைக் கசிய விட வேண்டும். கூச்சப்படாதீர்கள், நாக்கு வெளியே தெரிந்தால்தான் சரி. 'திஸ்', 'தட்' போன்றவற்றுக்கு அதே இடம், குரல் மட்டும் சேரும். 'அது' என்பதில் வரும் மெல்லிய த அதற்கு மிக நெருக்கம்.

அப்புறம் இசட். தொண்டையில் விரல் வைத்து 'ஸ்ஸ்' என்று நீட்டுங்கள். நாக்கை நகர்த்தாமல் குரலைச் சேர்த்தால் விரலில் அதிர்வு தெரியும். 'மியூசிக்', 'பிஸி' இரண்டிலும் எழுதுவது எஸ்தான், ஆனால் ஒலி இதுதான். விரலை எடுக்காமல் அவற்றையும் சொல்லிப் பாருங்கள்.