ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மென்னீராக்கி வாங்குமுன்

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே, லெனேசியா போன்ற டோலமைட் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர், கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவைக் கண்டவுடன் கடைக்கு ஓடாமல், முதலில் நீரின் கடினத்தன்மையையும் (அதாவது, கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவையும்) இரும்பின் அளவையும் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. இரும்பு மிகுந்தால், மென்னீராக்கிக்குள் கடின உப்பைப் பிடித்துவைக்கும் சிறு மணிகளான ரெசின் விரைவில் கெட்டுவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை ஐவர் நாளொன்றுக்கு 750 லிட்டர் செலவழித்தால், கருவி அன்றாடம் 225 கிராம் கடின உப்பை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் பிடித்துவைக்கும் என்பதால், 25 லிட்டர் ரெசின் ஐந்து நாளுக்குப் போதும். நாள் கணக்கில் அல்லாமல், செலவான நீரை அளந்து உப்புநீரால் தன்னைக் கழுவிக்கொள்ளும் மீட்டர் வகையையே நான் பரிந்துரைப்பேன்; உறவினர் வந்து தங்கும் தீபாவளி வாரத்தில் அதன் அருமை புரியும். மென்னீரில் சோடியம் கூடுவதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சமையலறைக் குழாயை மட்டும் கருவியோடு இணைக்காமல் விடலாம்.