பெயிண்ட் சுருங்குகிறதா? அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

புது பெயிண்ட் அடித்த சில நிமிடங்களில் காரின் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு) முழுக்கச் சுருக்கம் விழுந்தால், எல்லோரும் முதலில் திட்டுவது பெயிண்ட் டப்பாவைத்தான். பெரும்பாலும் கோளாறு அடியில் இருக்கும்: பழைய பெயிண்ட், எண்ணெய், உப்பு. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி ஓடும் வண்டிகளுக்கு அந்த மூன்றாவது சங்கதி கூடுதல் தலைவலி. வீட்டில் ஒரு கதவையோ ஃபெண்டரையோ அடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கழுவுவது

எமரி பேப்பரைக் கையில் எடுக்கும் முன்பே கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால், மேலே கிடந்த உப்பும் எண்ணெயும் பேப்பர் போட்ட கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முறை கழுவுங்கள், ஏனென்றால் தின்னருக்கு உப்பு கரையாது, வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகாது. முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலசல். போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்தில் பல ஊர்களில் அதுவே உப்பு. அதில் அலசினால் கழுவிய உப்புக்குப் பதில் வேறு உப்பு. காவிரிக் குடிநீர் இரண்டு குடம் எடுத்து வைத்தாலே ஒரு பேனலுக்கு, அதாவது கதவு மாதிரி ஒரு தகட்டுக்கு, போதும். அலசும்போது தண்ணீர் விரித்த துணி மாதிரி பரவி நின்றால் நல்லது. முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெயோ பாலிஷோ இன்னும் இருக்கிறது.

காய்ந்ததும் வேக்ஸ் ரிமூவரை (மெழுகு, எண்ணெய் எடுக்கும் திரவம்) துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் வேறொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. துருவுக்குப் பயந்து வண்டிக்கு அடியில் பழைய எண்ணெய் அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பேனலின் கீழ் விளிம்பையும் மடிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

படி 2: தின்னர் சோதனை

வெள்ளைத் துணியை என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, கண்ணில் படாத ஓர் இடத்தில் அரை நிமிடம் அழுத்தி வைத்துவிட்டுத் தேயுங்கள். நிறம் கரைந்து துணிக்கு வந்தால் அது டூக்கோ (என்சி வகை பெயிண்ட்) அல்லது ஸ்ப்ரே டப்பா பெயிண்ட். பெயிண்டின் தோல் ஊறிச் சுருண்டால் சிந்தடிக் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் கம்பெனி பெயிண்ட், அல்லது நன்றாக இறுகிய டூகே (2K, ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்).

இங்கே எனாமல் சகஜம். படகுக்கு அடித்தது போக மிஞ்சியதைக் கார் கதவில் பூசிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். எனாமல் மேல் என்சி தின்னர் கலந்த எதை அடித்தாலும், தின்னர் உள்ளே இறங்கி எனாமலை ஊதிப் பெருக்க வைக்கும்; ஒட்டியிருக்க இடமில்லாமல் அது மடிந்து எழும்பும். அப்படிப்பட்ட பெயிண்டைத் தகடு வரை எடுத்துவிடுவதே என் பரிந்துரை. மேலே ஒரு கோட் போட்டு மறைத்துவிடலாம் என்ற ஆசைதான் இரட்டை வேலை வைக்கும்.

மேல் கோட் கெட்டியாக இருந்தும் அடி கோட் கரையலாம். அதனால் ஓர் இடத்தைச் சரிவாகத் தேய்த்து, வளையம் வளையமாகத் தெரியும் ஒவ்வொரு அடுக்கிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். சுருக்கம் முதலில் கிளம்புவது அந்த வளைய ஓரங்களில்தான்.

படி 3: பட்டி, பிரைமர்

பட்டியை (பள்ளம் நிரப்பும் பசை) தகட்டின் மேலோ எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) மேலோ போடுங்கள், கரையும் பெயிண்ட் மேல் வேண்டாம். அதில் கலக்கும் ஹார்டனர் (இறுக வைக்கும் மருந்து) கூடினால் சீக்கிரம் இறுகும், ஆனால் பிறகு மேல் நிறத்தில் கறையாக எழும்பும். பட்டியைத் தண்ணீர் தொடாமல் தேய்க்க வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அப்புறம் டூகே எபாக்ஸி பிரைமர். முதல் கோட் மெல்லிசாக. ஒரேயடியாக ஈரமாக அடித்தால் தின்னர் உள்ளே இறங்கத்தான் வழி. கோட்டுக்குக் கோட் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விடுங்கள். டூகே நிறத்தின் ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கும், எபாக்ஸியின் ஹார்டனரில் வேறு ரசாயனம்; இரண்டுக்குமே மூக்கில் துண்டு கட்டினால் போதாது. காற்றுக்குழாய் உள்ள மாஸ்க் இல்லாவிட்டால் அந்த வேலையைப் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 4: நேரம்

காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, கடல்காற்று எழும்புவதற்குள் முடியுங்கள். ஈரக் காற்றில் என்சி வகை பெயிண்ட் வெண்மையாகப் பூத்துவிடும். கம்ப்ரசர் தொட்டித் தண்ணீரை வடிக்க மறக்காதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணல் ஒட்டும், கதவடைத்த கொட்டகை இல்லாமல் அடிப்பது வீண் வேலை.

கெட்டுப்போனால்

சுருக்கம் விழுந்தால் உடனே ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிடுங்கள். மேலும் அடித்து அமுக்கப் பார்க்காதீர்கள். முழுசாகக் காயட்டும், நாளாகும். கை அளவு இடம் என்றால் 320 பேப்பரால் கெட்டியான அடுக்கு வரை தேய்த்து, ஓரத்தைச் சரிவாக்கி, எபாக்ஸியை மெல்லிய கோட்டுகளாகக் கொடுங்கள். அதன் மேல் சர்ஃபேசர் (தேய்த்துச் சமமாக்கும் பூச்சு), பிறகு நிறம். பேனல் முழுக்க என்றால் பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுப்பதே சுலபம்.

குட்டிக் குட்டிக் குழிகள் என்றால் சிலிக்கான் அல்லது எண்ணெய். டேஷ்போர்டு பாலிஷ், கம்ப்ரசர் எண்ணெய் இரண்டையும் சந்தேகியுங்கள். காய்ந்ததும் தேய்த்து, படி 1-க்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். குழி விழாமலிருக்கக் கலக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கிறது. அதிலும் பெரும்பாலும் சிலிக்கான் இருப்பதால் கன் அடுத்த வேலையையும் கெடுக்கும். நான் கடைசி வழியாகக்கூடச் சொல்ல மாட்டேன்.

மாதங்கள் கழித்துக் கொப்பளம் எழுந்தால் அடியில் உப்பு அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெயிண்ட் வழியாக ஈரத்தை அது இழுத்துத் தேக்குகிறது. கொப்பளத்தைக் குத்திப் பட்டி வைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். தகடு வரை எடுத்து, துருக்குழிகளை நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காய வைத்து, அன்றைக்கே எபாக்ஸி அடியுங்கள். இந்தக் காற்றில் வெறும் தகடு ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் சிவந்திருக்கும்.