பிரான்சில் டோல் இல்லாமல் மோட்டார்ஹோம்: வழி போட்ட விதம்

ஓர்லியான்ஸிலிருந்து தெற்கே மோந்தோபான் போக, வழிகாட்டி ஆப்பில் ‘டோல் தவிர்’, ‘மோட்டார்வே தவிர்’ இரண்டையும் டிக் செய்ததுதான் என் தப்பு. வியர்சோனிலிருந்து பிரீவ் வரை ஏ20 மோட்டார்வே இலவசம். அதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு, டிராக்டர் போகிற சந்துக்குள் வண்டியை விட்டது ஆப். இப்போது டோலை மட்டும் தவிர்க்கிறேன்.

வழி இதுதான்: ஓர்லியான்ஸ்–வியர்சோன் டி2020, பிறகு ஏ20, பிரீவ் தாண்டியதும் சூயாக், கஓர் வழியாக டி820. இரண்டு டி சாலைகளுமே (மாவட்டச் சாலைகள்) பழைய என்20 தேசிய நெடுஞ்சாலைதான்; அகலத்துக்குக் குறைவில்லை.

இடைப்புள்ளி வைக்கும்போது ஊர்ப் பெயரை டைப் செய்யாதீர்கள். ஆப் நேரே தேவாலயச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போகும், அங்கே திரும்ப இடம் இருக்காது. வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஊரைத் தாண்டிய சாலை மேலேயே, நாம் போகிற திசைப் பாதையில் புள்ளியை வையுங்கள். எதிர்ப்பக்கம் விழுந்தால் ‘யூ-டர்ன் எடு’ என்று கத்திக்கொண்டே இருக்கும்.

உயரத்தைக் கூரை ஏசியையும் சேர்த்துத் தரையிலிருந்து அளந்து, 10 செ.மீ. கூட்டிப் பதிவு செய்யுங்கள். ஆர்சி புத்தகத்தில் போட்டிருக்கும் உயரத்தை நம்பி ரயில் பாலத்தடியில் நுழைய வேண்டாம்.

நேரக் கணக்கு: டி சாலையில் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ., ரவுண்டானாக்கள், ஊர்களுக்குள் 50 எல்லாம் சேர்ந்தால் சராசரி 55தான்.

இரண்டு அச்சு வண்டி 3.5 டன்னுக்கு மேலோ, 3 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமோ இருந்தால் டோலில் 3ஆம் வகுப்புக் கட்டணம், அதாவது கார், சின்ன வேனைவிட அதிகம். அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் இந்த மெனக்கெடல் உண்மையில் கட்டுப்படியாகும். சின்ன வேனுக்கு அவ்வளவு இல்லை.