லிண்டலை உடைத்த பிறகுதான் வீடு நேரானது

திருகோணமலை உப்புவெளியில் எங்கட வீட்டு வேலை தொடங்கியபோது எனக்கு வவுனியாவில் உத்தியோகம். கிழமைக்கு ஒருக்கா வந்து பார்த்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டாம் மாதம், கதவு யன்னலுக்கு மேலே வார்க்கும் கொங்கிறீற்று வளையான லிண்டலின் பலகையைக் கழற்றினால் அடியில் கம்பி அப்படியே வெளியே தெரிகிறது. கடலுக்குக் கிட்ட உள்ள வீடு. உப்புக்காற்று அந்தக் கம்பியை விட்டுவைக்குமா? மேசனார் "பூசினால் மறைஞ்சிடும் தம்பி" என்றார். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

மாமா சொல்லி, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை மேற்பார்வைக்கு அமர்த்தினேன். மேசனார் காட்டிய ஆளை வேண்டாம் என்றேன். இருவரும் ஒரே பக்கம் நின்றால் எனக்கு யார் சொல்வது? மேற்பார்வைக்குச் சம்பளம் நாள்கணக்கில் இல்லை. லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக. சாமான் கடையில் கமிஷன் எடுப்பதில்லை என்பதையும் எழுதிக்கொண்டோம்.

மேற்பார்வைக்கு வந்த ஐயா முதல்நாளே அந்த லிண்டலை உடைக்கச் சொன்னார். காசு போனது வலித்தது, ஆனால் அவர் சொன்னது சரி. கம்பி கொங்கிறீற்றுக்குள் மறைந்திருக்க, அதற்கு அடியில் வைக்க 40 மில்லிமீற்றர் சீமெந்துக் கட்டிகள் வார்ப்பித்தார். ஒரு லொறி மணலை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்று திருப்பி அனுப்பினார். கலவையில் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். இளக்கினால் போடுவது லேசு, பலம் போய்விடும். வார்த்த கொங்கிறீற்றை 7 நாள் ஈரச்சாக்கால் மூடி, தினமும் வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். அவர் கொப்பியில் கையெழுத்து வைத்த பிறகுதான் மேசனாருக்குக் காசு.

ஐப்பசி மழைக்கு முன்னமே ஓடு ஏறிவிட்டது.