முட்டைக் காடைத் தீவனத்தில் மஞ்சள் தூள் சேர்க்கும் முறை

முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் காடையின் கல்லீரலில் உருவாகி, ரத்தத்தின் வழியே சினைப்பையைச் சென்றடைகின்றன. ஏறக்குறைய நாள்தோறும் முட்டையிடும் பறவைக்குக் கல்லீரலில் சுமை மிகுதி. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் வேதிப்பொருள் அதற்குத் துணை நிற்கும் என்பதால்தான் அதனைத் தீவனத்தில் சேர்க்கிறோம். எனினும், 18 முதல் 20 சதவீதம் புரதமும் போதிய கிளிஞ்சல் தூளும் உள்ள தீவனம், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம், தூய தண்ணீர் ஆகியவை முதலில் அமைய வேண்டும். இவற்றின் குறையை மஞ்சள் ஈடுசெய்யாது.

முதலில் மஞ்சளைத் தேர்ந்தெடுங்கள். கடையில் கிடைக்கும் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்பதால், ஈரோடு அல்லது சேலத்து விரலி மஞ்சளை வாங்கி, ஒடித்தால் 'டக்'கென்று முறியும் அளவுக்குக் காயவைத்து, மாவு மில்லில் நைஸாக அரைத்துக்கொள்வதே நல்லது. கஸ்தூரி மஞ்சள் பூச்சுக்கு உரியது; தீவனத்துக்கு வேண்டாம். பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தின் பச்சைக் கிழங்கில் பெரும்பகுதி நீர்தான் என்பதால், அதைத் தூளின் அளவுக்குச் சமமாகக் கொள்ளக் கூடாது.

அடுத்தது அளவு. முட்டையிடும் காடை ஒன்று நாளுக்குச் சுமார் 25 கிராம் தீவனம் உண்ணும். 100 காடைகளுக்கு 2.5 கிலோ. முதல் வாரம் கிலோவுக்கு 2 கிராம் மட்டும் சேர்த்து, பறவைகள் தயங்காமல் உண்கின்றனவா என்று பார்த்த பின் 5 கிராமாக உயர்த்துங்கள். 10 கிலோவுக்கு 50 கிராம் என்பதே உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசப்பு கூடினால் உண்பது குறையும், உண்பது குறைந்தால் முட்டையும் குறையும்.

கலப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 50 கிராம் தூளை 10 கிலோவின் மேல் அப்படியே தூவிக் கிளறினால், ஒரு பிடியில் மஞ்சள் மிகுந்தும் மறு பிடியில் இல்லாமலும் போகும். ஆகவே தூளை முதலில் அரை கிலோ தீவனத்துடன் கையால் பிசறி, அதனுடன் ஒரு கிலோவும், பின்னர் இரண்டு கிலோவும் எனப் படிப்படியாகச் சேர்த்து, இறுதியில் தார்ப்பாயில் முழுவதையும் கொட்டி, நான்கு புறமிருந்தும் நடுவுக்குப் புரட்டுங்கள். தூளைப் பிசறும்போதே 50 மில்லி தவிட்டு எண்ணெய் விடுவதால் இரு பயன்கள் உண்டு: குர்குமின் கொழுப்பில் கரையக்கூடியது, தூளும் தீவனத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் தொட்டியின் அடியை விரலால் வழித்துப் பாருங்கள். மஞ்சள் நிறத் துகள் மட்டும் படலமாகத் தங்கியிருந்தால், கலவை சரியில்லை என்று பொருள்.

ஒரு வாரத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் ஈரக்காற்று தவிட்டையும் மக்காச்சோளத்தையும் விரைவில் பூசணம் பிடிக்கச் செய்யும். மஞ்சள் சேர்த்திருப்பதால் பூசணத்தின் நஞ்சு நீங்கிவிடாது. காறல் வாடையோ கட்டிகளோ தென்பட்டால் கொட்டிவிடுங்கள். வெயிலில் குர்குமின் சிதையும் என்பதால், மூடிய வாளியில், தரையிலிருந்து உயர்த்தி, இருட்டான இடத்தில் வையுங்கள்.

பயனைக் கண்டறிய, ஒரே வயதுள்ள காடைகளை இரண்டு கூண்டுகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் கொடுங்கள். காடைகள் பெரும்பாலும் பிற்பகலிலிருந்து மாலைக்குள் முட்டையிடுவதால், விளக்கேற்றும் நேரத்தில் எண்ணுவது பொருத்தம். எண்ணிக்கையுடன், பத்து முட்டைகளின் மொத்த எடையையும் வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். நல்ல முட்டை ஒன்று 10 முதல் 12 கிராம் இருக்கும். ஒரு மாதம் ஒப்பிட்டும் வேறுபாடு தெரியாவிட்டால், அந்தச் செலவைத் தரமான தீவனத்துக்கு மாற்றுவதே என் பரிந்துரை.

பறவைகள் சோர்ந்தோ வெள்ளையாகக் கழிந்தோ காணப்பட்டால், மஞ்சளின் அளவைக் கூட்டிப் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரை அணுகுங்கள். தஞ்சை வட்டாரத்தினருக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே உள்ளது. கரு நல்ல மஞ்சளாக வர வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், மஞ்சள் மக்காச்சோளமும் நிழலில் உலர்த்திய முருங்கைக்கீரைத் தூளும் அதற்கு ஏற்றவை.