ஈபேயில் கணக்கு முடங்காமல் ஏலம் போடுவது எப்படி: கொழும்பு விற்பனையாளர்களுக்கு

இணைய ஏலத்தளமான ஈபேயிலிருந்து 'விதிமீறல் காரணமாக உங்கள் விற்பனைப் பதிவு நீக்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தால், அதே பொருளை அதே படத்தோடு உடனே மறுபடி ஏற்றாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். முதல் தடவை நடந்ததைத் தெரியாமல் நடந்ததென்று சொல்லலாம். இரண்டாவது தடவைக்கு அந்தச் சாக்கு இல்லை. கணக்குகள் முடக்கப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது, மூன்றாவது ஏற்றலில்தான்.

மின்னஞ்சலை முழுவதும் வாசியுங்கள். எந்த விதி என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். அந்த விதிப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். பிறகு உங்கள் மற்றப் பதிவுகளில் அதே குறை எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, அவர்கள் எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துவிடுங்கள். திருத்தி ஏற்றுவது அதற்குப் பிறகு.

நான் வெள்ளவத்தையிலிருந்து பழைய இலங்கை முத்திரைகளும், படம் போட்ட தபால் அட்டைகளும், தேயிலைத் தகர டப்பாக்களும் விற்கிறேன். ஈபே விதிகளை இறுக்கத் தொடங்கியதிலிருந்து வாரம் தவறாமல் யாராவது ஒரு தம்பி தொலைபேசியில் வருகிறார். "அன்ரி, இது அநியாயம் இல்லையா?" என்பதுதான் முதல் வசனம். சில வேளை அநியாயம்தான். வாங்குகிறவருக்கு விற்கிறவர் எதிர்மறைக் கருத்து எழுத முடியாது என்று 2008 தொடக்கத்தில் ஈபே அறிவித்தபோது அமெரிக்காவிலேயே விற்பனையாளர்கள் பெப்ரவரியில் ஒரு வாரம் பொருள் ஏற்றாமல் புறக்கணிப்புச் செய்தார்கள். விதி மாறவில்லை. இன்றைக்கும் நட்சத்திரம் குறைத்துப் போடும் உரிமை வாங்குகிறவரிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே நியாயம் கேட்கும் நேரத்தைக் கணக்கைக் காப்பாற்றுவதில் செலவழியுங்கள் என்பேன்.

முதலில் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி உங்கள் கணக்கை மதிப்பிடுகிறார்கள். குறைபாட்டு விகிதம் 2 சதவீதத்துக்கு மேல் போனால் தரம் இறங்கும். இறங்கினால் உங்கள் பொருள் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படும், கட்டணமும் ஏறும். முதல்தர விற்பனையாளராக இருக்க வேண்டுமானால் எல்லை 0.5 சதவீதம். குறைபாடு என்று அவர்கள் எண்ணுவது இரண்டையே. ஒன்று, விற்ற பொருளை 'கையில் இல்லை' என்று நீங்களே இரத்துச் செய்வது. மற்றது, வாங்கியவரின் முறைப்பாட்டை நீங்கள் தீர்க்காமல் விட்டு, ஈபே தலையிட்டு உங்களுக்கு எதிராக முடிப்பது. இந்த இரண்டாவது வகைக்குத் தனியாக 0.3 சதவீதம் என்று இன்னோர் எல்லையும் இருக்கிறது. மூன்று மாதத்தில் 400 விற்பனைக்குக் குறைவாகச் செய்கிறவர்களுக்கு, அதாவது நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும், கடந்த 12 மாதங்களைப் பார்ப்பார்கள். வருடத்துக்கு 200 விற்கிறவருக்கு 5 இரத்து என்றாலே 2.5 சதவீதம். சித்திரையில் செய்த இரத்து மார்கழியிலும் கூடவே வரும்.

கொழும்பில் கணக்குகளை அதிகம் கெடுப்பது இந்த இரத்துத்தான். காரணத்தை ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்: ஏலம் நினைத்ததைவிடக் குறைந்த விலையில் முடிந்துவிட்டது, கொடுக்க மனமில்லை. புறக்கோட்டையில் விலை படியாவிட்டால் "இல்லை, போங்கள்" என்று சொல்லிவிடலாம். ஏலத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. 40 டொலர் எதிர்பார்த்த தபால் அட்டை 6 டொலருக்குப் போனால், வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். 34 டொலர் நட்டம் ஒரு நாளோடு போகும். இரத்து ஒரு வருடம் இருக்கும். 'வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் இரத்து' என்று பொய்க் காரணம் தெரிவு செய்யச் சொல்லும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அந்தக் காரணம் வாங்கியவருக்கும் தெரிவிக்கப்படும். நான் கேட்கவே இல்லையே என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும்.

மனம் நோகாமல் விற்க வழி, தொடக்க விலையைச் சரியாகப் போடுவது. எந்த விலைக்குப் போனாலும் அழமாட்டேன் என்ற தொகை எதுவோ அதுதான் தொடக்க விலை. 99 சதத்தில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பது நூறு பேர் தேடும் பொருளுக்குப் பொருந்தும். பதுளை ரயில் நிலையத்தின் படம் போட்ட அட்டையை உலகத்தில் நாலு பேர் தேடுவார்கள். அந்த வாரம் அவர்களில் இரண்டு பேர் ஊரில் இல்லையென்றால் 99 சதத்துக்கே போய்விடும்.

வாங்கியவர் பணம் கட்டாமல் இழுத்தால் விடயம் வேறு. நான்கு நாட்கள் பொறுத்து, 'பணம் செலுத்தவில்லை' என்ற காரணத்தைத் தெரிவு செய்து இரத்துச் செய்யுங்கள். அது உங்கள் கணக்கில் குறைபாடாக ஏறாது. பொறுமை இல்லாமல் மூன்றாம் நாளே வேறு காரணத்தில் இரத்துச் செய்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

அடுத்தது உறவினர். ரொறன்ரோவில் மச்சான், லண்டன் ஹரோவில் சின்னம்மா மகள், சிட்னியில் பழைய வகுப்புத் தோழன் என்று இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஏது? "சும்மா ஒருக்கால் விலையை ஏற்றிவிடு" என்று அவர்களிடம் சொல்வது நமக்கு உதவி கேட்பது போலத் தோன்றும். விதியில் அது கள்ளக் கேள்வி, அதாவது விலையை ஏற்றுவதற்காகவே ஏலத்தில் பொய்யாக விலை கேட்பது. குடும்பத்தவர், நண்பர்கள், உங்களிடம் வேலை செய்பவர்கள், ஒரே வீட்டில் இருப்பவர்கள் எவரும் உங்கள் பொருளுக்கு விலையை ஏற்றக் கேட்கக் கூடாது. ஒரே ஆள் உங்கள் ஏலங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு ஒருபோதும் வெல்லாமல் இருப்பது ஈபேயின் கணினிக்கு இலகுவாகத் தெரியும். அந்த மச்சானுக்கு அந்தப் பொருள் உண்மையாகவே வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏலத்தில் போடாமல் அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

இதே உறவினரின் முகவரியைப் பொருள் இருக்கும் இடமாகப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. லண்டன் என்று போட்டால் ஆங்கிலேயர் நம்பி வாங்குவார்கள் என்று நினைக்கிறார்கள். பொருள் கொட்டாஞ்சேனையில் இருக்கும். ஈபே உள்ளூர் அஞ்சல் கணக்கில் மூன்று நாளில் வரும் என்று வாங்கியவருக்குச் சொல்லும். மூன்று வாரத்தில் இலங்கை முத்திரை ஒட்டிய உறை வந்து சேரும். பிந்திய விநியோகம், பொய்யான இடம் என்று ஒரே விற்பனையில் இரண்டு தவறு. கொழும்பு என்றே போடுங்கள். பழைய இலங்கை முத்திரை கொழும்பிலிருந்து வருவதை விரும்புகிற சேகரிப்பாளர்கள் நிறைய இருக்கிறார்கள்.

முடங்கிய கணக்கை விட்டுவிட்டு மனைவியின் பெயரில் புதிதாகத் தொடங்குவது பற்றி ஒரு வரி போதும்: அதே கணினி, அதே முகவரி, அதே வங்கி என்றால் அதுவும் முடங்கும்.

இப்போது விபரணைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தலைப்பில் 80 எழுத்துக்கு மேல் இடமில்லை. அதில் 'அபூர்வம்', 'ஆச்சரியம்' என்பவை வீண் செலவு. ஆண்டு, மதிப்பு, நிலை, நாடு ஆகியவற்றைத்தான் தேடுகிறவர் தட்டச்சுச் செய்வார். பொருளுக்குத் தொடர்பில்லாத பெரிய பெயர்களைச் சேர்த்தால் சொற்குப்பை என்று பதிவை எடுத்துவிடுவார்கள். பஞ்சிகாவத்தையில் பழைய கார் உதிரிப்பாகம் விற்கும் ஒரு தம்பிக்கு நான் சொன்னது: 'மொரிஸ் மைனர் விளக்கு' என்று எழுதாதே, வேறு யாரோ செய்த விளக்கு என்றால் 'மொரிஸ் மைனருக்குப் பொருந்தும்' என்று எழுது. அந்த ஒரு சொல்லுக்காக வர்த்தகக் குறி உரிமையாளர் புகார் செய்தால் பொருள் போய்விடும்.

முத்திரை விற்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இலங்கையின் முதல் முத்திரை, 6 பென்ஸ், 1857 ஏப்ரல் 1இல் வந்தது. அந்தக் காலத்துப் பென்ஸ் முத்திரைகள் ஓரத்தில் துளை இல்லாதவை. பின்னால் வந்த துளையுள்ள முத்திரைகளின் ஓரத்தைக் கத்தரித்து, துளையில்லாதது என்று விற்பது பழைய பித்தலாட்டம். 4 பென்ஸ், 8 பென்ஸ் போன்ற எண்கோண வடிவ முத்திரைகளை வடிவத்தை ஒட்டி வெட்டியும் இருப்பார்கள். அவற்றுக்கு நாலு பக்கமும் புதுத் தாள் ஒட்டிச் சதுரமாக்கிய வேலைகளும் உண்டு. பேனாக் கோட்டால் இரத்துச் செய்த முத்திரையின் மையைக் கழுவிப் போலித் தபால் முத்திரை குத்தியவை, பின்பக்கம் பசை மறுபடி பூசியவை என்று பட்டியல் நீளும். பழுதுபார்த்ததையும் மாற்றியதையும் விபரணையில் சொல்ல வேண்டும் என்பது விதி. உங்களுக்கே நிச்சயம் இல்லாவிட்டால் 'ஓரம் நெருக்கமாக வெட்டப்பட்டுள்ளது, நிபுணர் சான்றிதழ் இல்லை' என்று எழுதுங்கள். விலை குறையும். ஆனால் 'விபரணைக்கு மாறானது' என்ற முறைப்பாடு வராது.

படம், உங்கள் கையில் இருக்கும் அந்த முத்திரையின் படமாகவே இருக்க வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும். நீண்ட பக்கம் குறைந்தது 500 பிக்சல். படத்தின் மேல் கடைப்பெயர், ஓரச் சட்டம், எழுத்து எதுவும் வேண்டாம். தொலைபேசி எண்ணை எங்கும் எழுதாதீர்கள். 'வெளியே பேசிக்கொள்வோம்' என்பது கட்டணத்தைத் தவிர்க்கும் முயற்சியாகவே எடுக்கப்படும்.

வீட்டு அலுமாரியில் கிடப்பதெல்லாம் விற்கத் தக்கதல்ல. முள்ளம்பன்றி முள்ளால் செய்த பழைய பெட்டிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் வெள்ளைப் புள்ளிகளாகப் பதித்திருப்பது பல வேளை யானைத் தந்தம். ஈபே தந்தத்தை அனுமதிப்பதில்லை, புள்ளியளவு என்றாலும். பாட்டியின் ஆமையோட்டுச் சீப்பும் அப்படியே. பழைய நாணயமென்று நினைத்து வாங்கிய போலி நாணயத்தை, 'பிரதி' என்று நேர்மையாக எழுதினாலும் விற்க முடியாது. 2012இலிருந்து அதற்கும் தடை. இவற்றுக்கு மேல் நம் நாட்டுச் சட்டம் இருக்கிறது. தொல்பொருளை அனுப்பத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இரத்தினக்கல் என்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். செட்டியார் தெருவில் வாங்கிய பற்றுச்சீட்டு மட்டும் போதாது.

ஈபேயின் முடிவை எதிர்த்து மேன்முறையீடு எழுதும்போது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், நாட்டின் பொருளாதார நெருக்கடி எதுவும் வேண்டாம். வாசிக்கிறவருக்கு உங்கள் கோப்புக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. எந்தப் பதிவு, என்ன விதி, நீங்கள் திருத்தியது என்ன, ஆதாரம் எது என்று நான்கு வசனம் எழுதுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் அந்த நான்கு வசனத்திலேயே தெரியும்.

அனுப்புவதில் நம் நாட்காட்டி ஒரு பொறி. போயா தினத்தில் தபாலகம் மூடியிருக்கும். வெசாக், சித்திரைப் புத்தாண்டு வாரங்களில் நாட்கள் தொடர்ந்து போய்விடும். ஈபேயின் கணக்குக்கு அவை சாதாரண வேலை நாட்கள். அனுப்பும் அவகாசத்தை மூன்று நாள் என்று வையுங்கள், நீண்ட விடுமுறைக்கு விற்பனையாளர் விடுப்பு அமைப்பைப் போடுங்கள். ஏலம் நியூயோர்க்கில் ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிந்தால் இங்கே திங்கள் காலை. கோடையில் 6.30, குளிரில் 7.30. அன்றே தபாலகத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.

சாதாரணக் கடிதமாக அனுப்பாதீர்கள். பதிவுத் தபாலின் இலக்கம் ஆர் எழுத்தில் தொடங்கி எல்.கே. என்று முடியும். அதை அன்றே பதிவேற்றுங்கள். வரவில்லை என்று முறைப்பாடு வந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் போக வேண்டும். பொருள் பத்துப் பதினைந்து டொலர் என்றால், இலக்கமும் நகராமல் நின்றால், வாதாடாமல் பணத்தைத் திருப்பிவிடுங்கள். நீங்களே திருப்பியது குறைபாடாக எண்ணப்படாது.

சுங்கச் சீட்டில் விற்ற விலையையே எழுதுங்கள். அன்பளிப்பு என்று போடச் சொல்லி வாங்கியவர் கெஞ்சினாலும், முடியாது என்று ஈபே செய்திப் பெட்டியிலேயே மரியாதையாகப் பதில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையுள்ள பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலையில் போய்விட்டது. 150 யூரோ வரையுள்ள பொருளுக்கு ஈபே வரியை வாங்கும்போதே பிடித்துவிட்டு, வரி கட்டியாயிற்று என்று காட்டும் ஓர் ஐ.ஓ.எஸ்.எஸ். இலக்கம் தரும். ஆர்டர் விபரத்தில் இருக்கும் அந்த இலக்கத்தைத் தபாலகத்தில் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வாங்கியவர் இரண்டாம் முறை வரி கட்டுவார், கோபம் உங்கள் மேல் வரும். அமெரிக்காவில் 800 டொலர் வரையுள்ள பொருளுக்கு இருந்த வரிவிலக்கும் 2025 ஓகஸ்ட் 29உடன் முடிந்தது. அங்கே வாங்குகிறவரிடம் யார் வரி கட்டுவது என்பதைப் பதிவிலேயே எழுதிவிடுங்கள். அங்கே அனுப்பும் வழியையும் கட்டணத்தையும் தபாலகத்தில் கேட்டறிந்த பிறகே ஏலத்தை ஏற்றுங்கள்.