கூகுள் ஷீட்டை அரேயாக மாற்ற

கூகுள் ஷீட்டில் உள்ள பட்டியலை நிரலுக்குள் அரேயாக (வரிசையாக அடுக்கிய மதிப்புகளாக) கொண்டுவர ஏபிஐ சாவி (நிரலுக்கான அனுமதிக் குறியீடு) எல்லாம் வேண்டாம். ஃபைல் மெனுவில் ஷேர், அதற்குள் ‘பப்ளிஷ் டு வெப்’. வடிவமாக, மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு லிங்க் கிடைக்கும். அதை நிரலிலிருந்தே படிக்கலாம். (லிங்க் கிடைத்த யாரும் படிக்கலாம், ஆகவே ரகசியம் எதையும் அதில் வைக்க வேண்டாம்.)

அப்புறம்தான் வழுக்கும் இடம். ஒவ்வொரு வரியையும் கமாவில் வெட்டினால் அரே தயார் என்று தோன்றும். ஒரு கட்டத்துக்குள் “சிவப்பு, பெரியது” என்று இருந்தால் போச்சு, ஒரு நெடுவரிசை இரண்டாகிவிடும். நான் அப்படி ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன். பைத்தானின் சிஎஸ்வி மாட்யூல், ஜாவாஸ்கிரிப்டுக்கு பாப்பா பார்ஸ் என்ற நிரல் நூலகம் இரண்டும் இதைச் சரியாகப் பிரிக்கும்.

வருவதெல்லாம் எழுத்துச் சரம். எண்ணாக மாற்றாமல் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்டில் 5-ம் 3-ம் சேர்ந்து 53! ஷீட்டைத் திருத்தினால் லிங்கில் தெரியச் சில நிமிடம் ஆகலாம்.